மெய்க் கோணல், பொய்க் கோணல்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

வணக்கம். இங்கே என் முதுகைத் தவிர அனைவரும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம் என்றும், தங்கள் கோபம் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கும் என்றும் நம்பி இதை எழுதுகிறேன்.

தாங்கள் தொலைபேசியில் எனக்கு இட்ட பணியை நான் மறக்கவில்லை. “பிஸ்கட் கம்பெனியில அட்டைப்பெட்டி டிசைனுக்கே தலைவனா இருக்கிறவன், சம்பளமில்லாத லீவு போட்டுட்டு, எவனோ நாலு பேர் பாடுற பாட்டுக்கு உறை ஒட்டிக்கிட்டிருக்கானாம். நான் இனிமே அவன்கிட்ட பேசுறதா இல்ல. நீங்க போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க” என்றீர்கள். கேட்கிறேன் என்றேன். காலமெல்லாம் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய கடிதங்களைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் ஆயிற்றே, அந்த நாலு வார்த்தையையும் பஸ்ஸிலேயே தயார் செய்து, இரண்டு தடவை திருத்தி, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் மகள் வீட்டு மாடிப்படி ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இடமில்லை, ஆள் உயரத்துக்குப் பழுப்பு அட்டையை அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நமக்குத் தெரிந்த கூடம்தானே என்று ஒரு எட்டு வைத்தேன், கால் வழுக்கியது, சமாளிக்க இன்னொரு எட்டு வைத்தேன், “ஐயோ அப்பா, நகராதீங்க!” என்று மகள் அலறினாள். நின்ற இடத்திலேயே நின்று கண்ணைக் கசக்கிப் பார்த்தால், தரை தெரியவில்லை சம்பந்தி. தரை, சோபா, ஜன்னல் திட்டு, தையல் மெஷினின் தலை, எங்கே பார்த்தாலும் சதுரம் சதுரமாக அட்டை உறைகள், மேலே ஈரம் காயாத கருநீல மை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு இசைத்தட்டு வருகிறதே, அது உள்ளே போகிற உறை. ரப்பர் பாயைக் கத்தியால் செதுக்கி, மை தடவி, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தியிருக்கிறார்கள். இருட்டில் வெளிச்சம் தெரிகிற ஒரு ஜன்னல் படம். அந்த ஜன்னல் ஒன்றின் மேல் என் இடது செருப்பு நின்றுகொண்டிருந்தது.

திட்டப் போன இடத்தில் குற்றவாளி ஆகிவிட்டேன். தங்கள் மகன் எழுந்து வந்து, என் காலை மெதுவாகத் தூக்கி, செருப்புத் தடம் விழுந்த அந்த உறையை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார் பாருங்கள், இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

“மாமா, ஒரு வாரமா இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். இன்னொரு தடவை நடங்க.”

நடந்தேன். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்றின் மேல் நடக்கச் சொன்னார். அதுவும் சரியில்லை. “அப்பா, சும்மா எப்பவும் நடக்கிற மாதிரி நடங்கப்பா” என்றாள் மகள். எப்போதும் எப்படி நடப்பேன் என்று யாருக்குத் தெரியும்? குழந்தையிலிருந்து நடந்து வருகிறவனுக்கு, அந்த நிமிஷம் எந்தக் கால் முதலில் என்பதே மறந்துபோயிற்று. கடைசியில் மாப்பிள்ளை, “வேணாம் மாமா, தெரிஞ்சு மிதிச்சா செருப்புக் கம்பெனி விளம்பரம் மாதிரி ஆயிடுது” என்று என்னை உட்கார வைத்துவிட்டார்.

இவ்வளவு அவதி எதற்கு, அச்சகத்தில் கொடுத்தால் ஆகாதா என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் செய்த மாதிரி இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை இடது கையால் எழுத்து எழுதி, மை சிந்தி, ஓரத்தைப் பிசிறாக்கி, இராப்பகலாக ஒரு கோணலை உருவாக்கி அனுப்பியிருக்கிறார். அச்சகக்காரர் தங்கமான மனுஷர். “எழுத்தெல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு சார். பாவம், அவசரத்துல வரைஞ்சிருப்பீங்கன்னு நானே உக்காந்து எல்லாத்தையும் நேராக்கிட்டேன். பிசிறையும் சுத்தமா எடுத்தாச்சு” என்று சிரித்த முகமாகக் கட்டுகளை நீட்டியிருக்கிறார். முந்நூறு உறையும் தலைவலி மாத்திரை டப்பா மாதிரி பளபளவென்று இருந்தனவாம். குழுவில் பாடுகிற பெண்ணை எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் அச்சகத்து வாசலிலேயே அழுதுவிட்டாளாம். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் டீ வாங்கிக் கொடுத்தாராம். வெளியீடு அந்தச் சனிக்கிழமை. அதனால்தான் வீடே அட்டைக்கிடங்கு ஆகியிருந்தது.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று தொண்டையைச் செருமினேன். “மாப்பிள்ளை, அப்பா ரொம்ப வருத்தப்படுறார்…” என்று தொடங்குவதற்குள் என் கையில் ஊசியும் கனமான சிவப்பு நூலும் வந்துவிட்டன. உறையின் ஓரத்தைத் தைக்க வேண்டும். பேச்சு வாக்கில் தைக்கலாம் என்று தைத்தேன். மாப்பிள்ளை பசை அப்பிய விரலோடு, தலை நிமிராமலே சொன்னார்:

“மாமா, நான் வரைஞ்ச பிஸ்கட் டப்பாவ ஜனங்க எப்படிப் பிரிக்கிறாங்கன்னு பாத்திருக்கீங்களா? ஒரே கிழி. கடையிலேருந்து குப்பைக்கூடைக்குப் போற வழிதான் என் மொத்த வேலையும். ஆயுசுல ஒரு தடவை, தூக்கிப் போட மனசு வராத மாதிரி ஒண்ணு செஞ்சு பாக்கணும். அவ்வளவுதான். அப்பாகிட்ட இதச் சொல்ல வந்தா, போனை வெச்சிடுறார்.”

நான் தயார் செய்து கொண்டுபோன நாலு வார்த்தையில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன்.

தைத்ததைக் காட்டினால், “மாமா, இது ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு” என்று திருப்பித் தந்தார். என் தையல் அத்தனை நேர். சரியென்று வேண்டுமென்றே வளைத்து வளைத்துத் தைத்தேன். அட்டை வெட்ட வந்திருந்த குருவி பார்த்துவிட்டு, “இது பொய்க் கோணல், மாமா” என்றாள். கோணலில் பொய், மெய் என்று இரண்டு ஜாதி இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. எது எது என்று எனக்குப் புரியவில்லை, அவர்களோ தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்கள். என்ன கண் சம்பந்தி அது! நாம் எல்லாம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் குருவி உறைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டை வெட்டிக்கொண்டே தன் பாட்டுக்குப் பாட ஆரம்பித்தாள். பக்கவாத்தியம் ஒன்றுமில்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி, எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிற வரைக்கும் தானும் தூங்காமல் இருக்கிறாள், அந்த வீட்டுக்காரர் யார் என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது, இவ்வளவுதான் பாட்டு. பெரிய குரல் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த காற்று எழுந்து நின்று கேட்ட மாதிரி இருந்தது. நான் உத்தியோகத்துக்குச் சேர்ந்த புதிதில் குடியிருந்த அறை, அங்கே தனியாகப் படுத்திருந்த நாட்கள், நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது, இந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? பாட்டு முடிந்தபோதுதான் என் மடியைப் பார்த்தேன். ஒரு கட்டு உறை தைத்திருக்கிறேன். ஒன்று லேசாக இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்றில் தையல் நெருக்கம், இன்னொன்றில் நூல் தொங்குகிறது, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே சாயல், எதுவும் ஒன்றுபோல் இல்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “இதான் மாமா” என்றார். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களை எல்லாம் அந்த ‘இதான்’ காலடியில் வைக்கலாம் சம்பந்தி.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மெக்கானிக் கடையின் மேல்மாடியில் கச்சேரி. குருவி பாடினாள், கூட்டம் ஆடாமல் அசையாமல் கேட்டது. மாப்பிள்ளையோ மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. இசைத்தட்டு விற்கிற மேஜைக்குப் பின்னால் நின்று ஜனங்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகர்ந்து பார்த்தார், ஒருவர் தையலைக் கட்டை விரலால் நீவினார். முடிந்து கீழே இறங்கினால் பேய்மழை. எல்லாரும் படியோரம் ஒதுங்கி நின்றோம். வேலையிலிருந்து நேராக வந்தவள் போல ஒரு பெண், முன்பின் தெரியாதவள், தெருவைப் பார்த்தாள், கையிலிருந்த உறையைப் பார்த்தாள், தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றினாள், உறையை அதற்குள் வைத்துச் சுற்றி, பொத்தான் எல்லாம் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொள்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடியே நடந்து போய்விட்டாள்.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டார்.

“பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன்.”

என் முகத்தில் இருந்தது மழைத்தண்ணீர் என்று மகளிடம் சொன்னேன். நாங்கள் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்ததை அவள் எடுத்துச் சொல்லவில்லை.

ஆனாலும் தாங்கள் கவலைப்பட வேண்டாம். லீவு முடிகிறது. ஆசை தீர்ந்தது, திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுகிறேன் என்று மாப்பிள்ளை என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அட்டை எல்லாம் பெருக்கித் தள்ளியாயிற்று. சோபா மறுபடி சோபா ஆகிவிட்டது. இது ஒரு ஜுரம், வந்தது போயிற்று என்று வைத்துக்கொண்டு, தாங்கள் பெரிய மனசு பண்ணி அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். கூப்பிட்டால் எடுக்க வேண்டும், எடுத்தால் வைக்காமல் இருக்க வேண்டும், இவ்வளவே என் வேண்டுகோள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் உள்ள சகலருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது வாசலில் வேறொரு பாட்டுக்குழு வந்து நிற்கிறது. ஆறு பேர், அதில் ஒருவன் கதவில் தலை இடிக்கும் உயரம். அவர்களுக்கும் அதே மாதிரி உறை வேண்டுமாம். மாப்பிள்ளை உடனே உட்கார்ந்து கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, முடிவுரையும் சரியில்லை. நானே திருத்தி, சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு கடிதத்தையும் ஒரே பெட்டியில்தான் போடுகிறேன். தாங்கள் பதில் எழுதுவதானால் மகள் வீட்டு விலாசத்துக்கே எழுதவும். இந்தக் குழுவுக்கு ஐந்நூறு உறை தைக்க வேண்டும், நான் ஊர் திரும்ப நாளாகும்.