கிழவனுக்குக் கரண்ட் நிற்காது

அன்றைக்கு எப்படியும் கிழவனின் மூச்சை நிறுத்திவிடுவது என்று பேரக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

பதற வேண்டாம். கிழவன் மனுஷன் இல்லை, மெஷின். பேரக்காரர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க சர்வர் அறை. ஊரார் கம்பெனிகளின் வேலையெல்லாம் ஓடும் புது மெஷின்கள் அடுக்கடுக்காகக் கண்சிமிட்ட, மூலையில் ஆஸ்துமாக்காரன் மாதிரி இரைத்துக்கொண்டு நிற்பவன்தான் கிழவன். தொழில் தொடங்கியபோது, விற்றவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசி வாங்கிய முதல் சர்வர்.

இப்போது அதில் ஒரே ஒரு வேலைதான் ஓடுகிறது. பழைய ஆபீஸ் நம்பருக்கு யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசும். பேசுவது அவர் மகள். ஆள் வைக்க வக்கில்லாத காலத்தில், பாவாடையும் இரட்டைச் சடையுமாக நின்று அவள் பதிந்து கொடுத்த குரல்.

“வணக்கம். அப்பா இப்ப ஒருத்தரோட பேரம் பேசிட்டிருக்காரு. முடிய நேரமாகும். உங்க பேரைச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.”

கூப்பிட்டவர் வைக்கும்வரை லைன் திறந்தே இருக்கும். அவள்தான் இல்லை. ஒரு காய்ச்சல், ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. அங்கே மட்டும் அவர் பேரம் படியவில்லை.

ஆபீஸ் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. பழைய நம்பர் வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு மத்தியானம் மாடியேறிப் போனவர், மனைவி அடுப்படித் தரையில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தட்டில் சோறு ஆறிப் போயிருந்தது. இது இவளைத் தின்றுவிடும் என்று நினைத்தார். நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்துவது பெரிய காரியமா? எந்த மெஷினின் கரண்ட்டையும் கையிலுள்ள போனிலிருந்தே நிறுத்தலாம், போடலாம். ஆனால் அந்தக் கைக்கு அவரே விலங்கு போட்டுவைத்திருந்தார். முன்னொரு முறை ஒரு வாடிக்கையாளன் ‘நீ, வா, போ’ என்று பேசிவிட்டான் என்ற கோபத்தில் அவன் மெஷினை அணைத்தார். அணைந்தது பக்கத்து மெஷின். ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. பரீட்சை பாதியில் நின்றது. அதிலிருந்து சட்டம்: எதை அணைக்கவும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் கோபம் ஆறப் பத்து நிமிஷம். அதற்கப்புறமும் யாராவது அந்த மெஷினை உபயோகித்துக்கொண்டிருந்தால் கரண்ட் நிற்காது.

இரண்டாவது ஆளாக மனைவியைப் போட்டார். சம்பளம் கேட்க மாட்டாள் என்ற கணக்கு. அவள் சம்பளம் கேட்கவில்லை. சம்மதமும் தரவில்லை.

“கரண்ட்டைக் குடிக்குதும்மா அது.”

“குடிக்கட்டும். நீங்க குடிக்கிற டீயை நான் எண்ணுறேனா?”

“குரலைக் காப்பி எடுத்து உன் போன்ல போட்டுத் தரேன். வேணுங்கிறப்ப கேளு.”

“போன்ல போட்டா அது பாட்டு மாதிரிங்க. நானாப் போடணும், நானா நிறுத்தணும். கூப்பிட்டாத்தான் அவளா எடுக்குறா.”

பேரம் படியாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

“உன் உடம்புக்கு ஆகாது, சொல்லிட்டேன்.”

“என் உடம்பை வெச்சுப் பேரம் பேசாதீங்க.”

நேர்வழி அடைத்தால் பேரக்காரர் சந்துவழி போவார். சும்மா கிடக்கும் ஐந்து மெஷின்களுக்கு நடுவே கிழவனின் நம்பரையும் செருகி, மொத்தமாகச் சம்மதம் கேட்டு மாடியிலிருந்த மனைவியின் போனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

“என்னங்க இது?”

“தூசி தட்டணும். ஆறு மெஷின்.”

“ஆறா?”

“ஆறுதான்.”

“தலைக்கு மேல ஒட்டடை தொங்கினாலும் நிமிர்ந்து பார்க்காத மனுஷனுக்குத் தூசி கண்ணுல பட்டுடுச்சா?”

“அழுத்துறியா, மாட்டியா?”

“அழுத்தியாச்சு. சாப்பிட வாங்க.”

ஜெயித்துவிட்டார். ஜெயித்தால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்குக் கை எழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கிழவன் முன்னால் உட்கார்ந்தார்.

இனியும் மறைத்துப் பயனில்லை. பேரக்காரரும் கூப்பிடுவார். தினமும், சாப்பிடப் போகும் முன். ‘இன்னைக்கு மட்டும்’ என்று தன்னோடு தானே பேரம் பேசி, தினமும் தோற்று.

கடைசியாக ஒரு தடவை என்று நம்பரை அழுத்தினார். லைன் பிஸி. கிழவனால் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும். மறுபடி அழுத்தினார். பிஸி. மறுபடி, மறுபடி. ஒரு ‘வணக்கம்’ போதும், பாதி ‘வணக்கம்’ போதும் என்று இறங்கி வந்தார். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு இறங்கியதில்லை.

பத்து நிமிஷம் முடிந்தது. ஒவ்வொன்றாக ஐந்து மெஷின்கள் அடங்கின. ஆறாவது மட்டும் இரைத்துக்கொண்டே இருந்தது. போன் திரையில், அவரே சொல்லி எழுதவைத்த வாசகம்: ‘உபயோகத்தில் உள்ளது. அணைக்க இயலாது.’

அதுவரை தான் மூச்சுவிடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாடியில், அவள் அதே அடுப்படித் தரையில். மடியில் போன், திறந்த லைன்.

“தெரிஞ்சேதான் அழுத்தினியா?”

“அந்த மெஷினுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினதே அவதான். எனக்குத் தெரியாதா? மாட்டேன்னா நாளைக்கு ஏழு மெஷின்னு வருவீங்க. தூசியாவது தட்டினீங்களா?”

அவரும் தரையில் உட்கார்ந்தார். “நீ தினம் இப்படி உக்காந்திருக்கிறதைப் பார்க்க முடியலை. சோறு ஆறிப் போகுது. உனக்காகத்தான்...”

“எனக்காகவா?” அவள் லைனை வைத்துவிட்டு, அவர் பக்கம் தட்டை நகர்த்தினாள். “தினம் நான் கூப்பிட்டா பிஸி. அந்த நம்பர் வேற யாருக்குங்க தெரியும்? நீங்க வைக்கிற வரைக்கும் காத்திருக்கிறதுலதான் சோறு ஆறுது.”

பேரக்காரர் ஆறிய சோற்றைப் பிசைந்தார்.

“நாளையிலேர்ந்து முதல்ல நான். நீங்க சாப்பிட்டுட்டுக் கூப்பிடுங்க.”