கையில் ஒன்றுமில்லாத மூணு கிளாவர்

கையில் ஒன்றுமே இல்லாமல் ஊரை மிரட்டத் தெரிந்தவை உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, பூண்டி ஏரிக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்து ஒரு சொட்டும் விடாமல் போய்விடும் ஆடி மாத மேகம். இன்னொன்று, மூணு கிளாவர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், திருவள்ளூரிலிருந்து மெட்ராஸ் போகும் காலை பாசஞ்சரில் அதை யாரும் விசாரித்ததில்லை. நாங்கள் நால்வர். அவரும் நானும் பாரிமுனையில் ஒரே பைப் கம்பெனிக் குமாஸ்தாக்கள், சீட்டாட்டத்தில் ஒரு ஜோடி. எதிர் ஜோடி, பெரம்பூர் மரவாடியில் கணக்கு எழுதும் பாயும் ஒரு டிராயிங் மாஸ்டரும். ரயில் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிப்பார் மூணு கிளாவர். அதே துண்டு எட்டு முழங்கால்கள் மேல் விரிந்தால் அதுதான் எங்கள் பிரிட்ஜ் கிளப். எஞ்சின் கரியைத் துப்பும். ராணியின் முகத்தை ஊதித் துடைத்துவிட்டு ஆடுவோம்.

பிரிட்ஜில் சீட்டுப் போட்டதும் ஏலம், யார் எத்தனை பிடி ஜெயிப்பார்கள் என்று. நல்ல சீட்டு வந்தவன் 'ஒன்று' என்று தொடங்கி, தன் ஜோடியிடம் என்ன இருக்கிறது என்று ஏலத்திலேயே விசாரித்துக்கொண்டு படிப்படியாக ஏறுவான். இல்லாதவன் 'பாஸ்' என்பான். நம்மவர் கையில் ராஜாவும் இருக்காது, ராணியும் இருக்காது. மூணு இலை போட்ட கிளாவரில் மட்டும் ஏழு சீட்டு நீளமாக நிற்கும். போதும். எடுத்த எடுப்பிலேயே, "மூணு கிளாவர்!" எதிர் ஜோடி ஏற வேண்டிய படியெல்லாம் அந்த ஒரே கத்தலில் காலி.

"யோவ், உன்னாண்ட இன்னாய்யா கீது?" என்று பாய் அலறுவார்.

"ஒண்ணும் இல்ல பாய். தோத்தா எனக்கு ரெண்டு பிடி போவும். நிதானமா பேச உட்டா நீ ஆட்டத்தையே தூக்கிக்கினு போயிடுவ. எது லாபம்?"

எப்போது கத்துவது என்பதற்கு அவரிடம் ஒரு சாஸ்திரமே இருந்தது. "ரெண்டு பேரு பாஸ் சொல்லிட்டானா, நாலாவது ஆளு கையில மலை மாதிரி கீதுன்னு அர்த்தம் நைனா. அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ தொறந்துடு. ஆனா பார்ட்னர் கையில நல்ல சீட்டு இருக்கும்னு தோணிச்சுன்னா கம்னு குந்திக்கினு இரு. நீ கத்தினா அவன் வழியும் சேர்ந்து அடைஞ்சி பூடும். இன்னொண்ணு, நான் கத்திட்டு மாட்டிக்கினு முழிச்சாலும் நீ காப்பாத்த வராத. பாஸ் சொல்லு. வந்தியோ, ரெண்டு பேரும் கெணத்துல."

சீட்டைக் கீழே வைத்த பிறகும் அவர் ஏலம் ஓயவில்லை. ஒருநாள் சீசன் டிக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டார். வேப்பம்பட்டில் பரிசோதகர் ஏறி இரண்டு பேரிடம் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நம்மவர் எழுந்தே விட்டார். "வாங்க சார், உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்! ஃபேனு ஓடல, கக்கூஸ்ல தண்ணி இல்ல, யாராண்ட எழுதித் தரணும்? உங்க பேரு இன்னா சார்?" ஆவடி வந்ததும் பரிசோதகர் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினார். நம்மவர் உட்கார்ந்து, துண்டைத் தட்டி, மெல்லச் சொன்னார்: "மூணு கிளாவர்."

இதற்கு மருந்து ஒன்றுதான், 'டபுள்'. 'சரி, சொன்னதைச் செய்து காட்டு' என்று எதிராளி விடும் சவால். அது அவர் மனைவிக்கு மட்டும் கைவந்தது. நேரம் கழித்து வீட்டுக்குப் போகிற நாளில் நம்மவர் வாசலிலேயே, "இன்னும் சோறு ஆவலியா?" என்று முழங்குவார். உள்ளேயிருந்து நிதானமாக வரும்: "ஆயிடுச்சி. பூனைக்குப் போட்டுட்டேன்."

மனைவிக்கு அடுத்தபடி அவர் பயந்தது பாம்புக்கு. பாய் பையிலிருந்து கயிறு ஒன்று நழுவி விழுந்த அன்று, மனிதர் சாமான் வைக்கும் பலகையில் ஏறி, அம்பத்தூர் வரை அங்கிருந்தே ஆடினார்.

அந்த வருஷம்தான் கம்பெனி, கும்மிடிப்பூண்டியில் முள்காட்டுக்கு நடுவே ஒரு கிடங்கு போட்டது. திருவள்ளூர்க்காரனுக்கு அது பக்கத்து ஊர்தான், காக்கையாக இருந்தால். ரயிலில் என்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வேறு பாதையில் மறுபடி வடக்கே போகவேண்டும். நானோ மாலை வகுப்பில் சட்டம், கடைசி வருஷம். அங்கே போனால் வகுப்பும் போச்சு, பட்டமும் போச்சு.

மானேஜர் ஆபீசில் எங்கள் நாலு குமாஸ்தாக்களை அறைக்கு அழைத்தார். கிடங்குக்கு ஒருவர் வேண்டும். ஹெட்கிளார்க்குக்கு முழங்கால் வலி. டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கு மாமனாரின் கண் ஆபரேஷன். இரண்டு பாஸ். மானேஜரின் பார்வை மூணு கிளாவரைத் தாண்டி, கல்யாணமாகாத என் மேல் வந்து உட்கார்ந்தது.

"நான் போறேன் சார்!"

அறையே திடுக்கிட்டது. மூணு கிளாவர் நிறுத்தவில்லை. "ஆனா எனக்குக் கை வெச்ச நாற்காலி வேணும். டார்ச்சு வேணும். கம்பு வேணும். பாம்பு புடிக்கிற ஆளு ஒர்த்தன் நிரந்தரமா வேணும்!" கேட்கிற கேட்பில் மானேஜர் மிரண்டுபோய் கிடங்கையே மறந்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பு தரேன். திங்கட்கிழமை போய்ச் சேருங்க."

டபுள்.

"சார், நான் வந்து..." என்று வாயைத் திறந்தேன். என் கால் கட்டைவிரல் மேல் மூணு கிளாவரின் செருப்பு ஏறி நின்றது. பாஸ் சொன்னேன்.

கிடங்குக்கு நேரத்தில் போய்ச் சேர அவர் விடியற்கால ரயிலுக்கு மாறினார். மூன்று பேருக்கு பிரிட்ஜ் கிடையாது. பாய் ஜன்னல் பக்கம் தூங்கினார், மாஸ்டர் தூங்கும் பாயை வரைந்தார், நான் படித்தேன். தேறினேன். அதைச் சொல்ல ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி போனேன்.

குழாய் அடுக்கின் உச்சியில், தரையில் கால் படாமல் சம்மணமிட்டிருந்தார் மூணு கிளாவர். பக்கத்தில் கம்பு. நடுவில் அதே துண்டு. எதிரே வாட்ச்மேனும், ஆரம்பாக்கத்திலிருந்து வரும் லோடுமேன் ஒருவரும். நாலாவது ஆளாக என்னை ஏற்றிக்கொண்டார்கள். சீட்டு விழுந்ததும், இதயம் போட்ட சீட்டில், எடுத்த எடுப்பிலேயே லோடுமேன் கத்தினார்: "நாலு ஆட்டின்!"

"பாத்தியா நைனா, நான் வாயத் தொறக்கவே உட மாட்டேன்றானுங்க. ஒரே பேஜாரு," என்றார் மூணு கிளாவர், முகமெல்லாம் பெருமை.

தேறியதைச் சொன்னேன். பிறகு கேட்டேன். "அன்னிக்கு மானேஜர் ரூம்ல உங்க கையில என்ன சார் இருந்தது?"

"என் கையில இன்னா கீது? பார்ட்னர் கையிலதான் இருந்துச்சு."

"பார்ட்னர் கையில இருந்தா கத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ரூலு அதான். ஆனா நல்ல சீட்டை வெச்சிக்கினே பாஸ் சொல்ற ஆளாச்சே நீ. உன்ன நம்ப முடியுமா?"

அடுத்த ஆட்டத்துக்கு அவரே சீட்டைக் கலைத்தார். எனக்கு அருமையான கை வந்தது. ஒன்றும் சொல்லாமல், அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன்.