வட்டத்துக்குள் வராத என் சீரகச் சீஸ்

அன்புள்ள நைரி அக்காவுக்கு, வைகாட்டோவிலிருந்து தம்பி நெவில் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் நலம். இன்வர்கார்கில் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

என் சீரகச் சீஸை நிறுத்தப் போகிறார்கள் அக்கா. பத்தொன்பது வருஷமாக இந்தக் கையால் செய்தது. தொழிற்சாலையில் இருக்கிற ஐந்து வகையில் இனிமேல் மூன்று போதும் என்று மேலாளர் கேலீன் சொல்லிவிட்டாள். எந்த மூன்று என்று முடிவு செய்ய, சுவை பார்க்கிறவர்கள் கொடுத்த மதிப்பெண்ணைச் சிலந்திவலை மாதிரி வட்டப் படமாகப் போட்டுக் காட்ட வேண்டுமாம், அதுவும் ஆர் என்கிற கணினி மொழியில். யார் போடுவது? வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போன பாவத்துக்கு நான். அந்த மொழி நம் நாட்டு ஆக்லாந்தில் பிறந்ததாம், வாய்விட்டுத் திட்டவும் மனசு வரவில்லை. படம் ஒரே நாளில் வந்துவிட்டது, அழகுபடுத்தத்தான் பத்து நாள். கோடு எவ்வளவு தடிமன், உள்ளே பூசிய நிறம் எவ்வளவு மங்கல், உப்பு, புளிப்பு, மணம் என்று மூலைக்கு மூலை எழுத்து எவ்வளவு பெரிசு, எல்லாத்துக்கும் தனித்தனியா கட்டளை. பச்சை போட்டா, "பூஞ்சை பூத்த மாதிரி இருக்கு நெவில்"ங்கறா கேலீன். நீலம் போட்டா, "நம்ம எதிரி ஆக்லாந்து ரக்பிக்காரங்க கலரை நம்ம சுவத்துல மாட்டச் சொல்றியா?"ங்கறா.

வெள்ளிக்கிழமை காலை டீ நேரம், எல்லாரும் ஸ்கோன் ரொட்டியும் கையுமா நிக்கறாங்க. படத்தைக் காட்டினா மூணு சீஸ்தான் இருக்கு! என்னுதையும் கூட வேலை செய்யற மர்ரேயோட உப்பில்லாச் சீஸையும் காணோம். மத்த மூணும் வட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. கேலீன் கை தட்டறா. "பாத்தீங்களா, வட்டத்துக்குள்ளயே அடங்கல! மீதி ரெண்டும் படத்துல வரவே லாயக்கில்ல. நிறுத்திடலாம்."

பரிசோதனைக்கூடத்து ஹெமிதான் அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், மதிப்பெண் அட்டவணையில முதல் வரி உச்ச மதிப்பெண், பத்து. ரெண்டாவது வரியில சுழியம். அதுக்கப்புறம்தான்யா சீஸ். நீ எடுத்த எடுப்புலயே சீஸை எழுதிட்ட. கணினி உன் சீஸை உச்சம்னும் மர்ரே சீஸை அடிமட்டம்னும் எடுத்துக்கிச்சு."

ஆசையா என் சீஸை முதல் வரியில் எழுதினது குத்தமா அக்கா? மத்ததையெல்லாம் அளக்கிற அளவுகோலாவே என் சீஸ் இருந்திருக்கு, அந்தக் கௌரவத்துக்கு இதுதான் மரியாதையா? ஆகவே உன் கிளப்பில் ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சீஸ் ரோல் சுற்றுகிற அத்தனை பெண்களிடமும் கையெழுத்து வாங்கிக் கேலீனுக்கு ஒரு மனு அனுப்பு. அநியாயம் என்ற சொல் இரண்டு இடத்திலாவது வரட்டும். திங்கட்கிழமை சரியான படத்தோடு நானே போய் நிற்கிறேன்.

அத்தானுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் என் அன்பு. உன் முழங்கால் சீக்கிரம் வெயிலைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி நெவில்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் சரியான படத்தையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மேலே பத்து, கீழே சுழியம். ஐந்து சீஸும் வந்தன. என்னுடையது ஒன்றும் இரண்டுமாக மதிப்பெண் வாங்கி நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு. மனு வேண்டாம். தப்பான படமே சுவரில் இருக்கட்டும், அதைப் பார்த்தால் கணினியையாவது திட்டலாம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தச் சீஸை உனக்கு அனுப்பினேனே அக்கா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?