நாலாவது நெடுவரிசை

சோம்பேறிகளில் இரண்டு வகை உண்டு. ஒருவன் வேலையே செய்யமாட்டான். அவனால் யாருக்கும் ஆபத்தில்லை. இன்னொருவன் தன் சோம்பலுக்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு புரோகிராமும் எழுதுவான். நான் இரண்டாம் வகை.

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், இணையதளம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பிஎச்பி என்ற கணினி மொழியைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மேரி அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. மாலை விருந்துக்கு வருகிறவர்கள் மண்டப வாசலில் பெயரைத் தட்டினால் எந்த மேசை என்று திரை சொல்லும், செய்து தருகிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை. கேட்காத உதவியில் நான் கெட்டிக்காரன்.)

அக்கா மேல் பாசம் என்று சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா. நான் காதலித்த ஸ்டெல்லாவின் அப்பா அருளப்பன், புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வுபெற்ற ஆசிரியர், "பையனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அந்த விருந்துக்கு வருவதாக இருந்தார். அவர் வேண்டாம் என்றால் ஸ்டெல்லாவுக்குக் கோலாலம்பூரில் ஓர் இன்ஜினியர் தயாராக இருந்தான்.

விருந்தினர் அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள்: பெயர், போன் எண், எத்தனை பேர், மேசை எண். மேசை எண்ணை அதன் பெயரைச் சொல்லிக் கேட்டு எடுப்பதுதான் மனிதர்கள் செய்வது. நானோ, உன்னிடம் என்னென்ன நெடுவரிசை இருக்கிறது என்று புரோகிராமே அட்டவணையிடம் விசாரிக்கட்டும், அதில் நாலாவதைக் காட்டட்டும் என்று எழுதினேன். ஆபீஸில் சீனியரான செல்வா அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பேரச் சொல்லி எடுலா. நாளைக்கு நடுவுல யாராச்சும் ஒண்ணச் சொருகுனா எல்லாம் தள்ளிப் போயிடும்."

"யாருண்ணே சொருகப் போறா? நான் மட்டும்தானே அதத் தொடுவேன்!"

சொருகியவன் நான்தான். கல்யாணத்தன்று காலை சமையல்காரர் ஜமால் பாய் போன் செய்தார். "தம்பி, சின்னப் பிள்ளைங்க எத்தன வருது? பேபி சேர் எடுத்து வைக்கணும்." உடனே 'குழந்தைகள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். கடைசியில் சேர்த்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. 'எத்தனை பேர்' என்பதற்கு அடுத்து இருந்தால்தான் பார்க்க லட்சணம் என்று நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

மாலையில் திரை ஒவ்வொருவருக்கும் அவரவர் குழந்தைக் கணக்கை மேசை எண்ணாக அறிவித்தது. ஒரு குழந்தையோடு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாம் மேசைக்குப் படையெடுத்தார்கள். அது மணமக்கள் மேசை. அக்காவும் அத்தானும் கைதட்டலோடு உள்ளே நுழைந்தபோது, அக்காவின் நாற்காலியில் யாரோ ஒரு பொடியன் உட்கார்ந்து கேக்கைத் தோண்டிக்கொண்டிருந்தான். குழந்தை இல்லாமல் வந்த பெரியவர்கள் அனைவருக்கும், பங்குத்தந்தை உட்பட, மேசை எண் 0.

வாசலில் கூட்டம் முட்டியது. கூட்டத்தின் முதல் ஆளாக, தீவுக்கு வரும் பாலத்து டிராபிக் ஜாமில் வெந்து வந்த அருளப்பன் சார்.

"சைபர் மேச எங்கப்பா இருக்கு? கார் பார்க்லயா?"

"அங்கிள், அது... சிஸ்டம் கொஞ்சம்..."

"யாரு செஞ்ச சிஸ்டம்?"

அவரோடு வந்திருந்த ஸ்டெல்லா கூரையைப் பார்த்தாள். நான் பயத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் விளக்கினேன். பின்னால் பசியோடு நின்றவர்களுக்கும் சேர்த்து இலவச வகுப்பு.

"அந்த வரிசைக்குப் பேரு இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

"பேரு இருக்கிறதப் பேரு சொல்லிக் கூப்பிடாம, நாலாவது நாலாவதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தியா? இத்தன வருஷம் பாடம் எடுத்தேன், ஒரு பிள்ளையையும் நான் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

ஜமால் பாய் அடுப்புப் பக்கம் அவசரமாகப் போட்ட மேசையில், பங்குத்தந்தையோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார் அருளப்பன் சார். நானோ, எல்லாம் போயிற்று என்று கழிவறையில் நின்று அழுதேன். (பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர், அக்காவைப் பிரியும் துக்கம் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தார்.)

திரும்பும் வழியில் காரில் சார் தீர்ப்பு வழங்கியதாக ஸ்டெல்லா சொன்னாள்: "மூள கம்மிதான். ஆனா பையனுக்குப் பொய் சொல்ல வரல. பரவால்லலா."

எங்கள் கல்யாணம் நடந்தது. ஆனால் மாமனார் இன்றுவரை என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மாமியார், மச்சான், ஸ்டெல்லா என்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் "நாலாவது, வாங்க சாப்பிட" என்பார்.

போன வருடம் மச்சானுக்குக் கல்யாணம் ஆனது. புது மருமகள் வந்து மச்சானுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மாமனார் விரலை நீட்டி மேசையைச் சுற்றி எண்ணினார்.

"நடுவுல ஒரு ஆள் வந்துட்டாங்கலா. இனிமே நீங்க அஞ்சாவது."