பத்துப் பந்தும் ஒரு குடையும்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான இயந்திர நுட்பம் மாணவர் ரோபோ போட்டிகளில்தான் பிறந்தது. அதன் பெயர் ‘பெற்றோர்’. பேட்டரி வேண்டாம். பிள்ளைக்கு முதல் பரிசு என்று காதில் சொன்னால் போதும், தானே ஓடும்.

மூன்றாவது நடுவர் என்ற முறையில் இந்த அற்புதத்தை அருகிலிருந்து தரிசிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

போட்டி எளிதுதான். உயர அலமாரியில் இருக்கும் பத்துப் பந்துகளை ரோபோ இறக்கிக் கூடையில் சேர்க்க வேண்டும். மூன்று நிமிடம். நடுவே கயிறு கட்டியிருந்தோம். உள்ளே மாணவர், வெளியே பெற்றோர். பெற்றோர் விதியை மதித்தார்கள். கால்கள் வெளியேதான் இருந்தன. இடுப்புக்கு மேலேதான் உள்ளே இருந்தது.

முதலில் ஒரு பேராசிரியையின், மன்னிக்கவும், அவர் மகனின் ரோபோ வந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. ஆறு பந்து சேர்த்தது.

“இந்தப் பல்சக்கரம் எதுக்கு தம்பி?” என்று கேட்டேன்.

“அம்மா பாத்ரூம் போயிருக்காங்க. வந்ததும் சொல்வாங்க.”

தலைமை நடுவர் உருகிப்போனார். “பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!”

அடுத்தவள் எட்டாம் வகுப்புப் பெண். பட்டப்பெயர் திருகாணி. தான் செய்தது ஒரு தடவையாவது களத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ரோபோவுக்குப் பழைய குடையில் ஒரு கை செய்திருந்தாள். அவள் அப்பா லேத் பட்டறைக்காரர். அன்று காலை அதைக் கழற்றி வீசிவிட்டு, தாம் கடைந்த அலுமினியக் கையைப் பூட்டிவிட்டார். அந்த வழக்கு, பதிவு மேசையிலேயே நடந்துகொண்டிருந்தது.

“குடையைக் கொண்டுபோனா சிரிப்பாங்க கண்ணு. அப்பா கௌரவம் என்ன ஆறது?”

“போட்டி எனக்கா, உங்க கௌரவத்துக்காப்பா?”

“ரெண்டும் ஒரே டீம்தானேம்மா!”

விசில் அடித்தேன். அலுமினியக் கை கம்பீரமாக உயர்ந்தது. பதவிப் பிரமாணம் எடுப்பதுபோல் அப்படியே நின்றுவிட்டது.

“நீல வயரைப் பிடுங்கு!” என்று அப்பா கத்தினார்.

“நாலு நீல வயர் இருக்குப்பா!”

“அதுல கருநீலம்!”

“நாலும் கருநீலம்!”

“தொட்டாத்தான்டி எனக்குத் தெரியும்!”

“சார், உங்க வயிறு உள்ளே வந்துடுச்சு” என்று எச்சரித்தேன்.

ஒன்றரை நிமிடம் போயிற்று. திருகாணி அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அலுமினியத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். பள்ளிப் பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த அந்தக் குடைக் கையை எடுத்து இரண்டே நட்டில் பூட்டினாள்.

“ஐயோ, அது வேணாம்மா! மானம் போயிடும்!”

ரோபோ அலமாரியடியில் போய் நின்றது. குடை தலைகீழாக ‘டப்’பென்று விரிந்தது. குச்சியில் கட்டிய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அலமாரித் தட்டை ஒரே வீச்சில் பெருக்கியது. பத்துப் பந்தும் பொலபொலவென்று குடைக்குள். குடை ஆடிக்கொண்டே கூடைக்குப் போய், கவிழ்ந்து, அத்தனையையும் கொட்டிவிட்டு ஒருமுறை மடங்கி விரிந்து காட்டியது. பதினோரு விநாடி மிச்சம்!

அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அப்பா கயிற்றைப் பிடித்திருந்ததை மறந்து இரண்டு கையாலும் தட்டினார். குப்புற உள்ளே விழுந்தார். விழுந்தும் தட்டினார். ஓட்டம் முடிந்த பிறகு விழுந்ததால் மன்னித்தோம்.

“இந்த ஸ்பிரிங் ஏதும்மா?” தலைமை நடுவர் கேட்டார்.

“பழைய பேனாவுலேருந்து எடுத்தேன் சார். ரெண்டு தடவை பறந்துபோய்ச் சுவத்துல அடிச்சுது. அப்புறம் நாலு சுருள் வெட்டினேன்.”

“யார் சொல்லிக் குடுத்தா?”

“சுவருதான் சார்.”

நடுவர் அறையில் தலைமை நடுவர் டீயைக்கூடத் தொடவில்லை.

“பத்துப் பந்து, சரி. பதிலும் சரி. ஆனா எங்கேயோ இடிக்குதே.”

“எங்கே சார்?”

“டேப் ஒட்டினது தெரியுது. துளை கோணலா இருக்கு. பதில் சொல்றப்போ அந்தப் பொண்ணு சிரிக்கிறா. இதை ஜெயிக்க வச்சா நம்ம போட்டியோட தரம் என்னங்க ஆறது?”

தரம் காக்கப்பட்டது. முதல் பரிசு பளபளப்புக்கே. பேராசிரியை கோப்பையை வாங்கிக்கொண்டார். புகைப்படத்துக்கு மட்டும் மகனைத் தொட அனுமதித்தார்.

குடையை நிராகரித்த காரணத்தைத் தலைமை நடுவர் சொல்லச் சொல்ல, படிவத்தில் முத்து முத்தாக எழுதி, முதல் கையெழுத்தும் போட்டவள் நான்தான்:

“மாணவியே செய்தது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.”