டோஹா முறைப்படி ஒஸ்லோவில் குஞ்சு பொரித்தல்

பாலைவனக் கோழி வளர்ப்பு என்னும் உயரிய விஞ்ஞானத்தைப் பனிக்கு நடுவில் நிலைநாட்டிய முதல் மனிதர், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் வசிக்கும் அருட்செல்வம்தான் என்று வரலாறு எழுதியே தீரவேண்டும். அது எழுதாவிட்டால் அவரே எழுதிவிடுவார், முன்னுரை தயார்.

பின்வளவில் வளர்ந்த கறுப்பி என்ற கோழி தை மாதம் செத்துப்போனது. மனைவி தர்மினி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மிஞ்சியது பத்து முட்டை. வேலி பாய்ந்து வந்துபோன பக்கத்து வீட்டுச் சேவலின் தயவில் அவை குஞ்சு பொரிக்கக்கூடிய முட்டைகள்.

"அவளின்ரை ஒரு குஞ்செண்டாலும் எனக்கு வேணும்," என்றார் தர்மினி.

அருட்செல்வம் இன்குபேட்டர் என்னும் பொரிப்புப் பெட்டி வாங்கினார். அன்றே "பன்னாட்டு வல்லுநர் குழு" வாட்ஸ்அப்பில் கூடியது. டோஹாவில் இருக்கும் அக்காவின் கணவர் றஜீவ் தலைவர். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் உறவினர்கள் உறுப்பினர்கள். பாரிஸ் மச்சாள் கோழியே வளர்த்ததில்லை. ஆனால் கறி வைப்பதில் நீண்ட அனுபவம். நோர்வேயிலிருந்து எவரும் சேர்க்கப்படவில்லை. உள்ளூர்க்காரர் நுழைந்தால் நடுநிலைமை கெட்டுவிடும் அல்லவா?

"தம்பி, முட்டைக்குச் சூடுதான் எமன்," என்று தலைவர் தீர்ப்பளித்தார். "யன்னலைத் திறந்துவிடு. பெட்டிக்கு மேலை ஈரச் சாக்கைப் போடு. இஞ்சை நாங்கள் அப்பிடித்தான்."

"ஓம் அத்தான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யன்னல் திறந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு. அரைமணியில் சாக்கு அப்பளம்போல் விறைத்து நின்றது.

"உங்களுக்கென்ன விசரே?" தர்மினி கம்பளிக்குள் நடுங்கினார். "பக்கத்து வீட்டுப் பேரிட்டைக் கேளுங்கோவன். அவ ஆறு கோழி வைச்சிருக்கிறா."

"அத்தான் பாலைவனத்திலை நானூறு குஞ்சு பொரிச்ச மனுசன். பேரிட் எத்தினை பாலைவனம் கண்டவ?"

இந்த வாதத்துக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. உண்மையில், அந்தப் பெண்ணிடம் போய் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கு வெட்கம். அதை "நிர்வாகக் காரணம்" என்று மனதில் பதிவுசெய்துகொண்டார்.

இருபத்தோராம் நாள் பின்னேரம் குழு வீடியோவில் கூடியது. ரொறன்ரோவில் கேக் வெட்ட ஆயத்தம். பெட்டிக்குள் ஓர் அசைவும் இல்லை. அருட்செல்வம் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். தர்மினி கேட்டது ஒரேயொரு குஞ்சு. இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

"சூடு இன்னும் கூடிப்போச்சு போலை," என்றார் தலைவர்.

அப்போது தர்மினி வெளியிலிருந்து வந்தார். அவருடைய சால்வைக்குள் ஏதோ கீச்சிட்டது. கறுப்புக் குஞ்சு! தர்மினியின் கண்கள் நிறைந்திருந்தன.

"எப்பிடியப்பா?" என்றார் அருட்செல்வம்.

"முதல் நாளே மூண்டு முட்டையைப் பேரிட் வீட்டை கொண்டுபோனனான், சாக்கு மூடினதாலை நீங்கள் காணேல்லை. அவ தன்ரை பெட்டியிலை, சூடான குசினிக்குள்ளை, அடுப்படியிலை வைச்சவ. ஒண்டு பொரிச்சிட்டுது."

"அந்த ரகசியமெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"கேட்டனான். சொன்னவ."

அருட்செல்வம் உடனே காமெராப் பக்கம் திரும்பினார். குழுவின் சீரிய வழிகாட்டலில் பத்து வீத வெற்றி எட்டப்பட்டதாக அறிவித்தார். நான்கு நாடுகளில் கரகோஷம்.

தர்மினிக்குப் பின்னால் வாசலில் பேரிட் நின்றார், கையில் குஞ்சுத் தீனிப் பை. நோர்வே மொழியில் மெல்லச் சொன்னார்:

"பதினெட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். தர்மினியின் பெயர் தெரியும். செத்த கோழியின் பெயரும் இப்போது தெரியும். உங்கள் பெயர் என்ன?"

அருட்செல்வம் திரையில் இருந்த தலைவரைப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்," என்றார் தர்மினி. "இல்லாட்டி இதையும் டோஹாவிட்டையே கேக்கட்டே?"