மூன்றாம் தடவை கேட்காமல் போன அம்மாள்

நோர்டால்,
ஏப்ரல் 19

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா லவோனுக்கு, தம்பி ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டார்லிஸும் சுகம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் உங்கள் நாலு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி உருகிவிட்டது. நீ விட்டுவிட்டுப் போன பியானோ நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், எங்கள் வீட்டுக்கு அடியில், பேஸ்மென்டில், எட்டுச் செங்கல் உயரத்தில் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ கேட்டபோது நாலு செங்கல் என்று சொன்னேன். மிச்சம் நாலு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

ஊர்ச் சாக்கடையை வெளியே தள்ளுகிற பம்பு நம் அப்பா காலத்தில் போட்டது. இப்போது மழை பெய்தால் அது நின்றுவிடுகிறது, போக வேண்டியதெல்லாம் திரும்பி வந்து வீட்டுக்கு வீடு பேஸ்மென்டில் எட்டிப் பார்க்கிறது. அடுத்த பெருமழையைத் தாங்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான். நான்தான் மேயர், ஞாபகம் இருக்கட்டும். போன வருஷம் ஜலதோஷம் என்று ஊர்க்கூட்டத்துக்குப் போகவில்லை, வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள். புதுப் பம்பு வாங்க ஊரில் காசு இல்லை. ஆகவே மாநிலத்திடம் கேட்பது என்று முடிவாயிற்று.

இங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. வாஷிங்டனிலிருந்து மத்திய அரசு, சின்ன ஊர்களின் மேம்பாட்டுக்கு என்று மாநிலத்துக்கு ஒரு தொகை அனுப்புகிறது. மாநிலம் அதை அப்படியே எடுத்து நீட்டிவிடுமா? நீட்டாது. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒரு பங்கு, இல்லாதவர்களின் வீட்டைப் பழுது பார்க்க ஒரு பங்கு, கடைத்தெருவை அழகுபடுத்த ஒரு பங்கு, வேலைவாய்ப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்து வைக்கிறது, ஒன்றின் பணம் இன்னொன்றுக்குப் போகக்கூடாது, ஆனால் சில சமயம் போகலாம், எந்தச் சமயம் என்பது முப்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கமோ பதினோராம் பக்கத்தைப் பார் என்கிறது. மூன்று முறை படித்தேன். முதல் முறை புரிந்தது. இரண்டாம் முறை சந்தேகம் வந்தது. மூன்றாம் முறை என் பெயரே எனக்கு மறந்துவிட்டது.

இதை ஊரைக் கூட்டி விளக்க வேண்டும் என்பது விதி. தேவாலயத்துப் பேஸ்மென்டில் கூட்டம். பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த நாலு கேசரோல் தட்டுகளை வரிசையாக வைத்து, இது சாக்கடை, இது வீடு, இது கடைத்தெரு, இது வேலை என்று காட்டினேன். சாக்கடை என்றதும் அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. அதைச் சமைத்தது என் வீட்டுக்காரி டார்லிஸ். பக்கத்துப் பண்ணை ஆர்னி எழுந்தான்.

"அப்ப இந்தத் தட்டுல மிஞ்சினா அந்தத் தட்டுல போட்டுக்கலாமா?"

"கூடாதுப்பா. அது கடைத்தெருத் தட்டு."

"நம்ம கடைத்தெருவுல இருக்கறதே ஆறு கடை. அதுல மூணு மூடிக் கெடக்கு."

"அதனாலதான் அழகுபடுத்தணும்ங்கறாங்க!"

மாநிலத் தலைநகரத்து ஆபீஸிலிருந்து ரெனாட்டா என்று ஒரு அம்மாள் வந்திருந்தாள். சொந்த ஊர் டெக்ஸஸ், இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நல்ல மாதிரி. ஏப்ரலோடு முடிகிற அவர்கள் கணக்கு வருஷத்தின் கடைசியில் ஒரு பங்கை யாரும் எடுக்காமல் மிஞ்சினால் மட்டும் வேறு பங்குக்கு மாற்றுவோம் என்று ஆர்னிக்குப் பொறுமையாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மேயர் சார், உங்க ஊரு போட்ட மனுவுக்கு மார்க் நல்லா வந்திருக்கு. சாக்கடைப் பங்குல ஒரு இடம் இருக்கு. சேர்த்துக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. எங்களைவிடக் கஷ்டப்படற ஊரு எவ்வளவோ இருக்கும்."

நீ தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இங்கே கேட்கிறது. ஆனால் நம்ம அம்மா நம்மை எப்படி வளர்த்தாள்? யார் வீட்டில் காபி கொடுத்தாலும் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு, மூணாவது தடவை கேட்டாத்தானே "சரி, அரை கப்"னு வாங்கணும்?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நெஜமாவே வேண்டாமா?"

"பரவாயில்லைங்க. எப்படியோ சமாளிச்சுக்கறோம்."

அக்கா, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. மூணாவது தடவைக்காக நான் "சரி"யை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் ஃபைலை மூடினாள். "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்று கண் கலங்கச் சொல்லி, என் கையைக் குலுக்கிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டாள். மூலையில் தரையிலிருந்த சாக்கடைக் குழாய் மட்டும் களுக் என்றது.

வீட்டு வாசலில் டார்லிஸ் காரை விட்டு இறங்கும்போது, "உன் பெரிய மனசை எடுத்துப் பியானோவுக்கு முட்டுக் குடு" என்றாள். அன்று வைத்ததுதான் அந்த நாலு செங்கல்.

மறுநாளே ரெனாட்டாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் போட்டேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம், இதைத் தலைநகரத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா என்று கேட்டிருந்தேன். உடனே போன் பண்ணினாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடம் வேறு ஊருக்குப் போய்விட்டதாம், ஆனால் காத்திருக்கிற பட்டியலில் நாம்தான் முதலாம். "இனிமே உங்க வழக்கத்தை ஞாபகம் வெச்சுக்கறேன் சார்" என்றாள். அதோடு சரி.

எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. உன் பியானோவுக்காக மட்டும் இல்லை. ஆர்னி மனைவி இங்க்ரிட், சரியாக நடக்க முடியாத அந்தக் காலோடு, மழை விட்டதும் வாளியோடு படி இறங்குகிறாள். மன்னிப்புக் கேட்கப் போனேன். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் "பரவாயில்ல ஆர்வில்" என்றாள். அந்த மூன்றாவது பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் சத்தியம் பண்ணியிருக்கிறேன். இனி யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவேன். அம்மா மேலே இருந்து கோபித்துக்கொண்டாலும் சரி.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் மூட்டுகளுக்கு எங்கள் ஜெபம். ஆண்டவர் உங்கள் வீட்டை மேலிருந்தும், முக்கியமாகக் கீழிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி,
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரெனாட்டா போன். "கடைத்தெருப் பங்குல கொஞ்சம் மிஞ்சியிருக்கு சார், உங்க ஊருக்கு..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவே விடவில்லை. "வேணும்! எடுத்துக்கறோம்!" என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பன்னிரண்டு அலங்கார விளக்குக் கம்பங்கள் வருகின்றன. "எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க சார், நீங்கதான் கடைசி. நீங்களும் வேண்டாம்னிருந்தா இதைச் சாக்கடைப் பங்குக்கு மாத்தியிருப்பேன். அங்கயும் உங்க ஊருதான் முதல்ல இருக்கு, பம்பே வந்திருக்கும்" என்றாள். "அம்மா, அப்ப வேண்டாம்! எங்களுக்கு விளக்கு வேண்டாம்!" என்று அலறினேன். "தெரியும் சார், உங்க ஊர் வழக்கம் எனக்கு இப்ப அத்துப்படி. கேக்காமலே எழுதிக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. டார்லிஸ் செங்கல் எடுக்கப் போயிருக்கிறாள்.